வாசகர் கேள்வி–பதில்: கடல்நீர்த் தொட்டியில் கார்டினல் மீன்கள்

கார்டினல் மீன்களைப் பற்றி வந்த கேள்விகளில் தேர்ந்தெடுத்தவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலானவை கறுப்புப் பட்டையும் நீண்ட துடுப்பும் கொண்ட பங்காய் கார்டினலைப் பற்றியவை. சில கேள்விகள் சிவந்த கண்ணும் புள்ளி போட்ட பின்னுடலும் உள்ள பைஜாமா கார்டினலைப் பற்றியவை.

நன்னீர் மீன் வளர்த்துப் பழக்கம் உண்டு. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி காலியாக இருக்கிறது. அதைக் கடல்நீருக்கு மாற்றி, முதல் மீனாகக் கார்டினல் விடலாமா?
– வாசகர், சென்னை

தாராளமாக விடலாம். ஓடித் திரியாத மீன், 8 சென்டிமீட்டருக்கு மேல் வளராது, அளவான தீனி போதும். ஆனால் தொட்டி தயாராகும் முன்னால் மீன் வாங்கக் கூடாது. தயாராவதற்கு ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். அந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு கலந்த மருந்து போட்டிருக்கிறீர்களா? செம்பு பழைய கல்லிலும் சிலிகானிலும் தங்கிவிடும். மீனுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. பிற்பாடு நீங்கள் விடும் இறாலும் நத்தையும்தான் காரணம் தெரியாமல் சாகும். போட்டிருந்தால் அந்தத் தொட்டியை மீனுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் அளவுத் தொட்டியில், கல் வைத்து விளிம்புக்குக் கீழே நிரப்பினால், 150 லிட்டர் பிடிக்கும். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. இயந்திரத்தில் சுவைக்காகத் தாது சேர்ப்பதோ, டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) திருகாணி வழியே குழாய்த் தண்ணீரைக் கலப்பதோ உண்டு. அந்தத் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. சவ்வுக்குப் பிறகு மிச்ச உப்பையும் நீக்கும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்றைச் சேர்த்து, மீட்டரில் டி.டி.எஸ். பூஜ்யத்துக்கு அருகில் வரும் தண்ணீரைப் பிடியுங்கள். லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் கடல் உப்பு மிக்ஸ் என்று பார்த்தால் மொத்தம் சுமார் ஐந்தரை கிலோ தேவைப்படும். தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுங்கள். உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளைத் தூளாகப் படிந்துவிடும், திரும்பக் கரையாது. ஒரு நாள் முழுக்க பம்ப் ஓடட்டும். அதன் பிறகு உப்பளவு பார்க்கும் ரெஃப்ராக்டோமீட்டரில் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) அல்லது ஒப்படர்த்தி 1.026 காட்ட வேண்டும். அந்தக் கருவியை வெறும் தண்ணீரை வைத்துச் சரிபார்ப்பது போதாது, 35 பி.பி.டி. அளவுக் கரைசலை வைத்துச் சரிபாருங்கள்.

அடுத்து சைக்கிளிங், அதாவது மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்ப்பது. 150 லிட்டருக்கு 1 கிராம் அம்மோனியம் குளோரைடு போட்டால் அம்மோனியா ஏறக்குறைய 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். ஆய்வக ரகம் வாங்குங்கள். நாட்டுமருந்துக் கடை நவச்சாரமும் அதே உப்புதான், ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. பாட்டிலில் வரும் நைட்ரிஃபையிங் பாக்டீரியாவையும் சேர்த்தால் வேகம் கூடும். இன்று போட்ட 2 பி.பி.எம். அம்மோனியா நாளை இதே நேரத்தில் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வந்தால்தான் தொட்டி தயார். அந்த நாளில் பாதித் தண்ணீரை மாற்றி, நைட்ரேட் 20-க்குக் கீழே வந்ததும் மீனை விடலாம்.

நீரோட்டத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பங்காய் கார்டினல் அலையடிக்கும் பாறை விளிம்பில் வாழும் மீன் அல்ல. கடற்புல் வளர்ந்த, ஆழம் குறைந்த, அமைதியான குடாக்களில் வாழ்வது. நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரைக் கண்ணாடியை நோக்கித் திருப்பி வைத்து, கல்லுக்குப் பின்னால் ஒரு மூலையை நீர் அசையாத இடமாக விடுங்கள். மீன் துடுப்பை லேசாக அசைத்தபடி ஒரே இடத்தில் நின்றால் நீரோட்டம் சரி. ஓயாமல் எதிர்நீச்சல் போட்டால் குறைக்க வேண்டும்.

கடையில் ‘சாதுவான மீன், கூட்டமாக விடுங்கள்’ என்றார்கள். ஐந்து பங்காய் வாங்கினேன். மூன்று மாதத்தில் மூன்று போய்விட்டன. துடுப்பெல்லாம் கிழிந்திருந்தது. எங்கே தப்பு?
– வாசகர், கோயம்புத்தூர்

சாது என்பது பாதி உண்மை. மற்ற இன மீன்களிடம் பங்காய் கார்டினல் சாதுதான். தன் இனத்திடம் அப்படி இல்லை. குஞ்சுப் பருவத்தில் கூட்டமாக இருக்கும். பருவம் வந்ததும் இரண்டு மீன் ஜோடி சேர்ந்து தொட்டியில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். மிச்சமுள்ளவை மேல் மூலையில், ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) குழாய்க்குப் பின்னால் ஒதுங்கும். கடித்த காயத்தால் சாவது குறைவு. விரட்டலில் தீனிக்கு வர முடியாமல் மெலிந்துதான் பெரும்பாலும் சாகின்றன. உங்களிடம் மிச்சமிருக்கும் இரண்டும் ஒன்றையொன்று விரட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்றால், அதுதான் அந்த ஜோடி. அவற்றோடு இனி இன்னொரு பங்காயைச் சேர்க்காதீர்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, கடைத் தொட்டியில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். மற்றவற்றிலிருந்து விலகி இரண்டு மட்டும் உடலோடு உடல் ஒட்டினாற்போல் நின்று, நடுநடுவே ஒன்று உடலைச் சிலிர்த்து நடுங்கினால் அந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால், 3 சென்டிமீட்டர் அளவுக் குஞ்சுகள் ஐந்தாறு வாங்கி வளர்த்து, ஜோடி சேர்ந்த அன்றே மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ‘அன்றே’ என்பதை அழுத்திச் சொல்கிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் மாற்றுவதற்கு மீன் இருக்காது. தோற்றத்தை வைத்து ஆண் பெண் சொல்கிறேன் என்பவரை நம்பி விலை கொடுக்காதீர்கள். வாயில் முட்டை ஏந்தும்போதுதான் அது ஆண் என்று ஐயமில்லாமல் தெரியும்.

கூட்டமாகத்தான் வேண்டும் என்றால் பைஜாமா கார்டினலுக்கு மாறிவிடுங்கள். மூன்றடித் தொட்டியில் ஐந்து பைஜாமாக்கள் ஒன்றாக இருக்கும். தங்களுக்குள் சின்னச் சின்ன விரட்டல் உண்டு, அது உயிர் போகிற அளவுக்குப் போகாது.

பண்ணையில் பிறந்த பங்காய், கடலில் பிடித்த பங்காயைவிட விலை அதிகமாக இருக்கிறது. கூடுதல் காசுக்கு உண்மையில் பயன் உண்டா?
– வாசகர், பெங்களூரு

உண்டு. எங்களைக் கேட்டால் பண்ணை மீன் கிடைக்கும் வரை காத்திருங்கள் என்றுதான் சொல்வோம். அதற்குக் காரணம் இந்த மீனின் பிறப்பிலேயே இருக்கிறது.

இந்தோனேசியாவில் சுலவேசிக்குக் கிழக்கே உள்ள பங்காய் தீவுகள்தான் இதன் சொந்த ஊர். 1920-இல் விலங்கியலாளர் வால்டர் கௌடர்ன் சேகரித்த மீன்களை வைத்து 1933-இல் மீன் ஆய்வாளர் கௌமன்ஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பிறகு வெகு காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1990-களின் நடுவில் மீன் ஆய்வாளர் ஜெரால்டு ஆலன் மீண்டும் இதை உலகுக்குக் காட்டியதும் அலங்கார மீன் வணிகம் பாய்ந்து பிடிக்கத் தொடங்கியது. 2007-இல் ஐ.யு.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சேர்ந்துவிட்டது.

பெரும்பாலான கடல் மீன்களின் நுண்குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தூரத் தூரப் பரவும். ஒரு குடாவில் மீன் தீர்ந்தாலும் வேறு இடத்துக் குஞ்சுகள் வந்து நிரப்பிவிடும். பங்காய்க்கு அந்த மிதவைப் பருவமே இல்லை. தகப்பன் வாயிலிருந்து வெளியே வரும் குஞ்சு அதே குடாவில், அதே கடல் முள்ளெலியின் முட்களுக்கு நடுவே ஒதுங்கிவிடும். அதனால் ஒரு குடாவை வழித்துப் பிடித்துவிட்டால் அது எளிதில் மறுபடி நிரம்பாது. அங்கே உணவுக்காகக் கடல் முள்ளெலியையும் எடுத்துவிடுகிறார்கள். மிச்சக் குஞ்சுக்கு ஒளிய இடமும் போகிறது.

வளர்ப்பவர் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கணக்கு பண்ணை மீனுக்கே சாதகம். பிடிபட்ட மீன் பல கை மாறி, பட்டினியோடு வந்து சேரும். வரும் வழியில் ஈரிடோ வைரஸ் தொற்றியிருந்தால் உடல் கறுத்து, மூச்சு வாங்கி, வெள்ளை நூல் போலக் கழித்து, சில நாளிலோ சில வாரத்திலோ இறக்கும். அதற்கு மருந்து இல்லை. பண்ணைக் குஞ்சுக்கு குறுணைத் தீனி ஏற்கெனவே பழக்கமாகியிருக்கும்.

வாங்கி ஒரு வாரம் ஆகிறது. குறுணையை வாயில் எடுத்து உடனே துப்பிவிடுகிறது. என்ன கொடுப்பது?
– வாசகர், திருச்சி

கடலில் பிடித்த மீனாக இருக்கலாம். அசையாத பொருளை அதற்குத் தீனி என்று தெரியாது. வாய் பெரியது, கண் பெரியது. எதிரே நீந்தும் சிற்றிறாலைக் கவ்வி விழுங்கித்தான் பழக்கம்.

உயிருள்ள ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலில் தொடங்குங்கள். தொட்டி விளக்கைக் குறைத்த பிறகு, மாலையில் போடுங்கள். பகலில் தயங்கும் மீன் அந்த வெளிச்சத்தில் துணிந்து முன்னே வரும். அதை எடுக்கத் தொடங்கியதும் உறைய வைத்த மைசிஸ் என்னும் இறால் போன்ற சிற்றுயிரியைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, நீரோட்டம் படும் இடத்தில் சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள். நீரில் உருண்டு ஓடுவதைப் பார்த்து உயிருள்ளது என்று கவ்வும். மைசிஸ் பழகிய பிறகு 1 மில்லிமீட்டர் குறுணையை அதனோடு ஊறவைத்துக் கலந்து கொடுங்கள். முதலில் பத்தில் ஒரு பங்கு, பிறகு மெல்லக் கூட்டலாம். இரண்டு மூன்று வாரம் ஆகும், அவசரப்பட வேண்டாம். பழகிய மீனுக்கு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தீருகிற அளவு போதும். வளர்ந்த ஆர்ட்டீமியாவில் சத்து குறைவு. அதை மட்டுமே கொடுத்து வளர்த்தால் வயிறு நிறையும், முதுகு மெலியும்.

நன்றாகத் தின்ற மீன் திடீரென்று நிறுத்தினால் அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

ஜோடியில் ஒன்று சில நாளாகச் சாப்பிடவில்லை. தாடை கீழே பை போல் தொங்குகிறது. வாயைத் திறப்பதே இல்லை. நோயா? முட்டை என்றால் குஞ்சுகளைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், சிங்கப்பூர்

நோய் இல்லை, நல்ல செய்தி. அது ஆண். பெண் இட்ட முட்டைகளை வாய்க்குள் வாங்கி அடைகாத்துக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டில் கைவிளக்கு அடித்துப் பார்த்தால் தாடைத் தோலுக்குள் ஆரஞ்சு நிற முட்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் சுமார் 3 மில்லிமீட்டர் இருக்கும். கார்டினல்களில் இவ்வளவு பெரிய முட்டை அபூர்வம். எண்ணிக்கை 40-ஐ ஒட்டி வரும். சுமார் 20 நாளில் வாய்க்குள்ளேயே பொரிக்கும். அதற்குப் பிறகும் ஒரு வாரம், பத்து நாள் குஞ்சுகளை வாயிலேயே வைத்திருக்கும். மொத்தம் ஏறக்குறைய ஒரு மாதம் தகப்பனுக்குப் பட்டினி.

முதல் வாரத்தில் தொட்டிக்குள் கைவிடாதீர்கள், கல்லை நகர்த்தாதீர்கள். பயந்தால் முட்டையை விழுங்கிவிடும். இளம் ஆண்கள் முதல் ஓரிரு தடவை காரணமில்லாமலே விழுங்குவதுண்டு. மனம் தளர வேண்டாம், ஜோடி நலமாக இருந்தால் விரைவில் மறுபடி முட்டை வரும்.

தாடை வீங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். மூன்று வாரம் கழிந்ததும், இரவில் விளக்கணைத்த பிறகு, ஆணை ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் தண்ணீரோடு சேர்த்து மொண்டு எடுங்கள். வலை போடக் கூடாது. வலையில் சிக்கினால் குஞ்சுகளைத் துப்பிவிடும். அதே தொட்டிக்குள் தொங்கும் குஞ்சுப் பெட்டியிலோ, அதே தண்ணீர் நிரப்பி, பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்ட 40 லிட்டர்த் தொட்டியிலோ விடுங்கள். குஞ்சுகளை வெளியே விட்டதும் தகப்பனைப் பழைய இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பசித்த மீனுக்குத் தன் குஞ்சும் தீனிதான்.

குஞ்சுக்கு முதல் தேவை ஒளிய ஒரு முள் புதர். ஒரு பிளாஸ்டிக் மூடியில் நெருக்கமாகத் துளையிட்டு, 15 சென்டிமீட்டர் கறுப்புக் கேபிள் டை முப்பதைச் செருகி, தலைப்பகுதி அடியில் நிற்கும்படி வைத்து, அடியில் ஒரு கல்லைக் கட்டி இறக்குங்கள். அசல் கடல் முள்ளெலிக்கு இது நல்ல மாற்று. குஞ்சுகள் தானாகவே அந்த முட்களுக்குள் தலைகீழாகவும் சாய்ந்தும் வரிசையாக நிற்கும்.

வாயிலிருந்து வரும் குஞ்சு பெற்றோரின் சிறு வடிவமாகவே இருக்கும். அன்றே ஆர்ட்டீமியா தின்னும். ஆர்ட்டீமியாவைப் பொரிக்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் உப்பு, 1 கிராம் ஆர்ட்டீமியா முட்டை, 28 டிகிரி வெப்பம், பலமான காற்று, மேலே விளக்கு. ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும். அடியில் வெளிச்சம் காட்டினால் குஞ்சு ஆர்ட்டீமியா அங்கே திரளும், குழாயால் இழுத்து நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓடு கலந்து போனால் மீன்குஞ்சின் குடலை அடைத்துவிடும்.

இனிச் சொல்வதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். இரண்டு வாரம் கொழுகொழுவென்று வளர்ந்த குஞ்சுகள் ஒரு காலையில் விளக்கைப் போட்டதும் விலுக்கென்று துடித்துச் சுழன்று அடியில் விழுந்து சாகும். தண்ணீர்ப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கும். இது ஒமேகா-3 கொழுப்பு அமிலக் குறைவோடு தொடர்புள்ளது. வெறும் ஆர்ட்டீமியாவில், அந்த அமிலங்களில் ஒன்றான டி.எச்.ஏ. இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஆகவே அதை ஊட்டமேற்றிக் கொடுக்க வேண்டும். அன்று பொரிந்த ஆர்ட்டீமியாவுக்கு வாய் திறந்திருக்காது, அதில் ஊட்டக் கரைசலை ஊற்றுவது வீண். பொரிந்து 8 முதல் 12 மணி நேரம் கழித்து, முதல் தோல் உரித்த பிறகு, ஊட்டக் கரைசலில் இன்னொரு 12 மணி நேரம் வைத்து, அலசிக் கொடுங்கள். காலை வேளைக்கு இன்று பொரிந்தது, மற்ற வேளைகளுக்கு ஊட்டமேற்றியது. நாளைக்கு மூன்று நான்கு வேளை. கூடவே, இரவில் மங்கலான ஒரு விளக்கு எரியட்டும். அறை விளக்கைப் போட்டுச் சில நிமிடம் கழித்தே தொட்டி விளக்கைப் போடுங்கள். கதவை அறையாதீர்கள்.

அடியில் சேரும் கழிவைக் காற்றுக்குழாயால் தினமும் உறிஞ்சி, எடுத்த அளவுக்கு மெயின் தொட்டித் தண்ணீரையே சேர்க்கலாம்.

தகப்பனை மறந்துவிடாதீர்கள். மெலிந்த ஆணைப் பெண் விடாது, சில நாளிலேயே மறுபடி முட்டையிட முயலும். முதுகு ஒட்டிப்போன ஆணென்றால் இடையில் கண்ணாடி வைத்து, இரண்டு மூன்று வாரம் மைசிஸ் கொடுத்துத் தேற்றிய பிறகே சேர்த்து விடுங்கள்.

பைஜாமா கார்டினலும் வாயில் அடைகாக்கிறது. குஞ்சு மட்டும் ஒன்றுகூடத் தங்குவதில்லையே?
– வாசகர், யாழ்ப்பாணம்

அதன் முட்டை மிகச் சிறியது. வெளிவரும் நுண்குஞ்சு கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு, மிதவைப் பருவம் உடையது. ஆர்ட்டீமியா அதன் வாய்க்குள் நுழையாது. நுண்ணுயிர்த் தீனி வளர்க்கும் வசதி இல்லாமல் வீட்டில் அதை எடுத்துவிடுவது கடினம். முதல் முயற்சிக்குப் பங்காயே ஏற்றது.

ராமேஸ்வரத்தில் உறவினர் இருக்கிறார். கடல் தண்ணீரும் கொஞ்சம் பவளக் கல்லும் கொண்டுவரச் சொன்னால் செலவு மிச்சம்தானே?
– வாசகர், மதுரை

கல் வேண்டவே வேண்டாம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கிறது. செத்துக் கரை ஒதுங்கிய துண்டானாலும் எடுத்து வருவது குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. சட்டம் ஒருபுறம் இருக்க, அந்தத் திட்டுகள் நம் கரையின் மீன்வளத்துக்கே நாற்றங்கால். தொட்டிக்குச் செராமிக் கல்லோ, கடலோடு தொடர்பில்லாத உலர் கல்லோ போதும். பாக்டீரியா அதிலும் குடியேறும்.

தண்ணீர் கொண்டுவரத் தடையில்லை, ஆனால் கரையோரத் தண்ணீரில் சாக்கடையும் படகு எண்ணெயும் ஒட்டுண்ணியும் கலந்திருக்கும். மழைக்குப் பிறகு உப்பளவும் குறைந்துவிடும். மதுரை வரை சுமந்து வந்து வடிகட்டி, இருட்டில் வைத்து, அளந்து சரிசெய்யும் பாட்டுக்கு உப்பு மிக்ஸே மலிவு.

கோடையில் தொட்டி 31 டிகிரிக்குப் போகிறது. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் சமாளிக்க முடியுமா? மின்சாரமும் போய்ப்போய் வருகிறது.
– வாசகர், வேலூர்

இலக்கு 25 முதல் 27 டிகிரி. 29-ஐத் தாண்ட விடாதீர்கள். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மீனுக்கோ அப்போது கூடுதலாக வேண்டும்.

நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக இரண்டு சிறு விசிறிகளை வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். வேலூர் போன்ற வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவு பலன் தராது, அங்கே சில்லர்தான் வழி. விசிறி ஓடினால் நாளைக்குச் சில லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்த அளவை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் தினமும் நிரப்புங்கள். உப்புத் தண்ணீரால் நிரப்பிவந்தால் ஒரு மாதத்தில் மீன் அளவுக்கு மீறிய உப்புக்கரைசலில் நிற்கும்.

மின்வெட்டுக்கு, கரண்ட் போனதும் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதானால் வேவ்மேக்கரை மட்டும் இணையுங்கள், அதற்கு மின்சாரம் மிகக் குறைவு. ஹீட்டரும் விளக்கும் காத்திருக்கலாம். கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே திரும்ப ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் போனால் அம்மோனியா ஏறிவிடும்.

கார்டினலோடு வேறு என்ன மீன் விடலாம்?
– வாசகர், தஞ்சாவூர்

ஒரு ஜோடி ஓசெல்லாரிஸ் கோமாளி மீன், ஃபயர்ஃபிஷ், சிறிய கோபி, பிளென்னி எல்லாம் ஒத்துப்போகும். நீல டாம்செல், டாட்டிபேக் இரண்டும் கார்டினலை விரட்டியே கொல்லும். லயன் மீன், கலவாய் இனங்கள் விழுங்கிவிடும். க்ளீனர் இறாலுக்கு ஆபத்தில்லை. ஒரு சென்டிமீட்டர்ச் சிற்றிறால் என்றால் கார்டினலுக்கு இரவுச் சாப்பாடு.

எது விடுவதாக இருந்தாலும் முதலில் 30 நாள் தனித் தொட்டியில். வெல்வெட், வெள்ளைப்புள்ளி ஆகிய ஒட்டுண்ணி நோய்கள் தெரிந்தால் அங்கேயே செம்பு சல்பேட் மருத்துவம் செய்யலாம். மூன்று நான்கு நாளில் மெல்ல உயர்த்தி, லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் அளவில், பரிசோதனைக் கிட் வைத்துத் தினமும் அளந்து நிறுத்துங்கள். மெயின் தொட்டியில் செம்பு போடாதீர்கள். கார்டினலை முதலில் விட்டு, இடம் பழகிய பிறகு கோமாளி மீனைச் சேருங்கள். வரிசை மாறினால் கோமாளி கார்டினலுக்கு மூலையைக்கூட விட்டுத்தராது.